போர்டின் மேல்பாதி

ஏப்ரல் 12, சனி

இந்த டைரி போர்வெல் பைப் கம்பெனிக்காரன் தை மாசம் கொடுத்தது. திருச்செங்கோட்டில் எனக்கும் இன்னும் ரெண்டு பெரிய மனுசருக்கும் மட்டும்தான் கொடுத்தான் என்று கேள்வி. மூணு மாசமாக இதில் என் வீட்டுக்காரி கமலம் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். இன்று பிடுங்கிக்கொண்டேன். இனிமேல் வரப்போவது சாதாரண சோலி இல்லை. எழுதி வைக்க வேண்டியது.

காலையில் அக்கா வந்தாள். வந்தவள் என்னைத் தாண்டி நேராகச் சமையல்கட்டுக்குப் போய்க் கமலத்தோடு குசுகுசு. எட்டிப் பார்த்தால், "நீ போய் டிவி பாருடா அர்த்தநாரி" என்கிறாள். போர் போடுகிற ரிக் வண்டி கிழக்கே போகணுமா மேற்கே போகணுமா என்று முடிவு பண்ணுகிற ஏஜென்ட்டைப் பார்த்து! எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் இஞ்சினியர் படித்தவன் எல்லாம் பூமிக்குள் தண்ணீர் எங்கே என்று என்னிடம்தான் வந்து கேட்பான்.

கடைசியில் கமலம் வெளியே வந்து சொன்னாள். அக்கா மகள் சுகந்திக்கு ரெண்டு அக்குளிலும் கட்டி மாதிரிச் சதை. வயசுக்கு வந்ததிலிருந்து கொஞ்சம் இருந்ததாம். இப்போது பெருத்துவிட்டதாம். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையைத் தூக்கி எழுத முடியாமல் போர்டின் கீழ்ப்பாதியிலேயே எழுதுகிறாளாம். பின்பெஞ்சுக்குத் தெரியவில்லை என்று பிள்ளைகளைப் பெற்ற யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தும் இப்படியே எழுதினால் வகுப்பிலிருந்து எடுத்து ஆபீசில் பீஸ் ரசீது போட உட்கார வைத்துவிடுவோம் என்று பெரிய டீச்சர் சொல்லியாச்சு. மே லீவுக்குள் ஆபரேஷன் ஆகணும்.

மச்சான், அக்கா வீட்டுக்காரர், ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில். தீபாவளிக்குத்தான் வருவார்.

"மாமன் நான் ஒருத்தன் இருக்கிறப்ப உனக்கென்னக்கா வெசனம்? எவன் என்ன ரேட்டு சொன்னாலும் பாதியில முடிக்கிறேன்" என்று சட்டைக்கு வெளியே கிடந்த அஞ்சு பவுன் சங்கிலியை நேராக இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பாதி ரேட்டுக்குப் பாதிக் கட்டியத்தான் எடுப்பாங்க" என்றாள் கமலம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரேட் விசாரித்தேன். போர் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

"ரெண்டு பாயின்ட்டுங்க. மொத்தமா என்ன ரேட்டு? கேசிங் பைப் தனியா, சேர்த்தியா?"

"சார், இது ஆஸ்பத்திரி."

"தெரியுமுங்க. வாய் தவறிருச்சு. அக்குள்ல கட்டி. ரெண்டு பக்கம்."

"பேஷன்ட் நீங்களா சார்?"

மூணு இடத்தில் மூணு பொண்ணுகளும் இதையே கேட்டார்கள். என் குரலில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

சேலத்தில் ஒரு அழகு கிளினிக்கில் நாற்பத்தஞ்சாயிரம் என்றான். உடனே அக்காவுக்குப் போன் போட்டு, "சொன்னனா இல்லையா, முடிச்சாச்சு" என்றேன். சாயங்காலம் உறுதி பண்ணக் கூப்பிட்டால், அது ஒரு பக்கத்துக்கு மட்டுமாம். மயக்கம் கொடுக்கிற டாக்டர் தனி, ரூம் தனி, டெஸ்ட் தனி. முதலில் அடிக்கு இவ்வளவு என்று இனிப்பாகச் சொல்லிவிட்டு அப்புறம் பைப், டீசல், ஆள்படி என்று ஏற்றுவது எங்கள் தொழில். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இவர்கள் அதைச் செய்கிறார்கள். கோயம்புத்தூரில் எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சம். ஈரோட்டில் ஏறக்குறைய எண்பத்தஞ்சு, டாக்டர் பார்த்த பிறகுதான் உறுதியாம்.

அக்காவுக்கு மறுபடி போன் பண்ணவில்லை. போனில் சார்ஜ் இல்லை.

ஏப்ரல் 19, சனி

சுகந்தியையும் அக்காவையும் ஈரோட்டுக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். அக்காவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. சுகந்தி மேல்கம்பியைத் தொடவே இல்லை. சீட்டு முதுகில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு பள்ளிபாளையம் வரைக்கும் அப்படியே நின்றாள்.

"கம்பியப் புடி கண்ணு, விழுந்தறப் போறே."

"இருக்கட்டுமுங்க மாமா."

என்ன ஒரு பேலன்ஸ்! எங்கள் வம்சத்துக்கே அது உண்டு.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு. நர்ஸ் என்று நினைத்து, "டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. பார்த்து முடித்த பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"பயப்பட ஒண்ணும் இல்லைங்க. அக்குள்ல இருக்கிறது மார்பகத் திசு. துணை மார்பகம்னு சொல்லுவோம். பொறக்கும்போதே வர்றது, நிறையப் பேருக்கு இருக்கு. மாசா மாசம் மார்பு கனக்கிற மாதிரி இதுவும் வீங்கும், வலிக்கும். நாளைக்குக் குழந்தை பெத்தா இன்னும் வீங்கும்."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காலண்டர்.

மூணு வழி இருக்கிறதாம். ஒன்று, அப்படியே விட்டுவிடலாம், உயிருக்கு ஒன்றும் ஆகாது, வலிக்கும்போது மாத்திரை. ரெண்டாவது, சின்ன ஓட்டை போட்டுக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது. தழும்பு சின்னதாக இருக்கும். மூணாவது, வெட்டி எடுப்பது.

"கம்ப்ரஸர் வெச்சு உறிஞ்சறதா இருந்தா ரேட்டு கம்மியாகுமுங்களே?" என்றேன்.

"இவங்களுக்குக் கொழுப்பு கம்மி, சுரப்பிதான் ஜாஸ்தி. உறிஞ்சினா மிச்சம் அங்கேயே நிக்கும். அப்புறம் மறுபடியும் வருவீங்க."

"பாறைன்னு சொல்லுங்க. பாறைன்னா ரிக்குதான்."

டாக்டரம்மா சிரித்தார். சுகந்தியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். வெட்டினால் அக்குள் மடிப்பில் தழும்பு இருக்கும், மூணு வாரம் கையைத் தூக்கக்கூடாது, அதற்கு முன்னால் ஒரு ஸ்கேன் வேண்டும். மே பாதிக்குள் முடித்தால்தான் ஜூனுக்குக் கை வரும்.

ஏப்ரல் 21, திங்கள்

எலச்சிபாளையம் பார்ட்டிக்குப் போர் போட்டோம். எழுநூறு அடி. புகைதான் வந்தது. தண்ணீர் நிச்சயம் என்று நான் சொன்னதாகச் சொல்கிறான். நான் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வேன். அதை இவன் நம்பியதற்கு நானா பொறுப்பு?

ஏப்ரல் 26, சனி

இன்று பெரிய வெற்றி.

ஸ்கேனுக்காக மறுபடி ஈரோடு. சுகந்தியும் அக்காவும் ஸ்கேன் ரூமுக்குள் போக, நான் பில் மேசையில் உட்கார்ந்து ரேட்டு பேசினேன். எண்பத்தஞ்சை எழுபத்தெட்டாக இறக்கிவிட்டேன். தனி ரூமை ரெண்டு பேர் ரூமாக மாற்றினால் யாருக்கானாலும் அதுதான் ரேட்டு என்று அந்தப் பொண்ணு சொன்னாள். சொல்லட்டும். இறங்கியதா இல்லையா?

அதற்குள், பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கம்பெனி ஒத்துக்கொண்டால் நாம் கையிலிருந்து பெரிதாகக் கட்ட வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் மேசையில் யுவராஜ் என்று ஒரு பையன். பேச்சுக் கொடுத்தால் மல்லசமுத்திரம். நம்ம ஆளுங்கதான். அவன் பெரியம்மா வீடும் கமலத்தின் சித்தி வீடும் ஒரே வீதி! பேசப் பேச எனக்கு ஒரு யோசனை ஓடியது. சுகந்திக்கு இருபத்தேழு ஆகிறது. மல்லசமுத்திரத்தில் நல்ல நல்ல குடும்பம் இருக்கிறது. இவன் காதில் எந்த வார்த்தை விழுகிறதோ அது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "பொண்ணுக்கு என்னங்க தொந்தரவு? வலி இருக்குதுங்களா? எத்தனை வருசமா?"

விடுவேனா?

"தொந்தரவா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க தம்பி. எங்க பொண்ணுக்குச் சளி கூடப் புடிச்சதில்லை. வலியாவது ஒண்ணாவது! கோகோவுல ஜில்லா பிளேயர். சும்மா, பார்வைக்கு நல்லாருக்கட்டும்னு எடுக்கிறோம். கல்யாணம் காச்சி வருதுங்கல்ல?"

"வலியே இல்லீங்களா? நெசமாத்தானுங்களா?"

"எழுதுங்க தம்பி. வலியே இல்லை."

எழுதிக்கொண்டான். சுகந்தி கோகோ ஆடியது ஆறாவதில், அதுவும் ஒரு நாள்தான். இருந்தாலும் பொண்ணுக்கு மாமன் பேசவில்லை என்றால் யார் பேசுவது?

மே 2, வெள்ளி

இன்சூரன்ஸ் பதில் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆபரேஷனுக்கு 15ஆம் தேதி குறித்திருக்கிறார்கள். யுவராஜுக்கு நாலு தடவை போன். "வருமுங்க மாமா" என்கிறான். எலச்சிபாளையத்துக்காரனிடம் நான் சொல்கிற அதே குரல்.

மே 5, திங்கள்

வந்துவிட்டது. முடியாதாம்.

யுவராஜ் போனில் படித்தான்: இது அழகுக்காகச் செய்கிற சிகிச்சை, அதற்குப் பாலிசியில் இடமில்லை, நோயாளிக்கு வலியோ தொந்தரவோ இல்லை என்று உடன் வந்தவரே சொல்லியிருக்கிறார்.

நான் ஒரு மணி நேரம் கத்தினேன். கம்பெனியை, கம்ப்யூட்டரை, மல்லசமுத்திரத்தை, ஒன்றையும் விடவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுகந்தி எங்கள் வீட்டுக்கு வந்து கமலத்தோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"வலி இல்லைன்னு யாருங்க மாமா சொன்னது?"

அந்த நேரம் பார்த்து எனக்கு முக்கியமான பார்ட்டியிடமிருந்து போன் வந்துவிட்டது. வெளியே போய்விட்டேன்.

மே 6, செவ்வாய்

"நேத்து உங்களுக்குப் போனே வரலையே" என்கிறாள் கமலம். சைலண்டில் இருந்தது என்றேன். "சைலண்ட்ல இருந்தா நீங்க எப்படிங்க எடுத்தீங்க?" என்கிறாள்.

இந்த வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது.

மே 7, புதன்

யுவராஜ் சொன்னான்: டாக்டரம்மா வலியைப் பற்றித் தன் சீட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கிறார், அதை வைத்து மறுபடி கேட்டுப் பார்க்கலாம், ஆனால் உடன் வந்தவர் முதலில் சொன்னது தப்பு என்று நேரில் வந்து விவரமாகச் சொல்லணும், என்ன வலி, எப்போது, எத்தனை நாள் என்று.

என்ன வலி என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கரும்புச்சாறு கடைக்குச் சுகந்தியைக் கூட்டிப்போனேன். ரெண்டு டம்ளர் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாசத்துல ஆறேழு நாள், அக்குள்ல சூடா ஒரு உருண்டைய வெச்சுக் கட்டுன மாதிரி இருக்கும் மாமா. உள்ள போடுற துணியோட பட்டை அங்கதான் அறுக்கும். புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். பஸ்ல கம்பியப் புடிக்க முடியாது. ராத்திரி கையை இறக்கி வெச்சுத் தூங்க முடியாது. அதெல்லாம் கூடப் பழகிருச்சு. காலையில கிளாசுக்குப் போனதும் முதல்ல போர்டு மேல மூலையில தேதி எழுதணும். கையைத் தூக்குனா பின்னாடி ஒரு சிரிப்பு கேட்கும். ஒரே ஒரு நாள் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தன் அவன் அக்குளுக்குள்ள பந்து மாதிரி துணிய வெச்சுக் காட்டிட்டு இருந்தான். அதுக்கப்புறம் தேதியை நடுவுல எழுத ஆரம்பிச்சேன். அப்புறம் அதுக்கும் கீழ. இப்ப ஸ்டூல் உயரத்துல குனிஞ்சு கணக்கு எழுதற மாதிரி இருக்கு."

கரும்புச்சாறு அப்படியே இருந்தது. ஐஸ் கரைந்துவிட்டது.

"உனக்கு வலிக்குதுன்னு நான் சொல்றேன் கண்ணு" என்றேன்.

"சொல்லுங்க மாமா. ஆனா கோகோ எல்லாம் வேண்டாம்."

மே 9, வெள்ளி

ஈரோடு. தனியாகப் போனேன். இன்சூரன்ஸ் மேசைக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். யுவராஜிடம் மெதுவாக ஆரம்பித்தேன். பக்கத்து மேசையில் யாரோ கத்திக்கொண்டிருந்ததால் அவன் காதில் விழவில்லை. "சத்தமா சொல்லுங்க மாமா" என்றான்.

சத்தமாகச் சொன்னேன். "என்ற அக்கா பொண்ணுக்கு ரெண்டு அக்குள்லயும் மார்பு வளர்ந்திருக்குது. வலிக்குது. மாசம் ஆறேழு நாள் வலிக்குது. பட்டை அறுத்துப் புண்ணாகுது. நான் அன்னைக்கு இல்லைன்னு சொன்னது பொய்."

கத்திக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஒரு அம்மா மட்டும், "என்ற கொழுந்தியாளுக்கும் இருக்குதுங்க. எடுத்துட்டா நல்லாயிருமுங்களா?" என்று கேட்டாள். டாக்டரம்மா பேரைச் சொன்னேன். ரேட்டையும் சொன்னேன். இறக்காத ரேட்டை.

திரும்பி வந்த பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்று வந்தேன். சும்மாதான்.

மே 12, திங்கள்

மறுபடி முடியாது என்றுவிட்டார்கள். முதலில் ஒன்று சொல்லி, பிறகு மாற்றிச் சொல்கிறீர்களாம். முன்னால் வலிக்காக வைத்தியம் பார்த்த பழைய சீட்டு ஏதாவது இருந்தால் அனுப்புங்களாம். எங்கே இருக்கும்? இத்தனை வருசமும் அக்கா அதற்குத் தைலம்தானே தேய்த்துவிட்டாள்.

சுகந்தி அரசு ஆஸ்பத்திரியிலும் போய் விசாரித்துவிட்டு வந்தாளாம். நன்றாகப் பார்த்தார்களாம், செலவும் இல்லையாம். ஆனால் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறவர்கள் போக ஜூலையில்தான் தேதி. அதற்குள் அவள் ஆபீசில் ரசீது போட உட்கார்ந்துவிடுவாள்.

"வலது பக்கம் மட்டும் இப்ப எடுத்துக்கலாமுங்க மாமா. எழுதற கை அதுதானே. என்ற சம்பளத்துல சேர்த்து வெச்சது அதுக்குப் பத்தும்" என்கிறாள்.

அரைப் போர் போட்டு நிறுத்துகிற வழக்கம் என்னிடம் கிடையாது.

மே 13, செவ்வாய்

சங்கிலி அழுக்கேறிக் கிடந்தது. மெருகு போடக் கொடுத்தேன். அந்தக் கடையில் தராசு சரியில்லை. ரெண்டே முக்கால் பவுன் என்று காட்டுகிறது. அஞ்சு பவுன் என்று ஊருக்கே தெரியும். வாதாட நேரமில்லை.

மே 14, புதன்

இன்சூரன்ஸ் பணிந்துவிட்டது!

நான் போட்ட சத்தத்தில் மேனேஜரே லைனில் வந்து, "அர்த்தநாரி சார், உங்களை மாதிரி ஆள்கிட்ட எங்களால பேசி முடியாது, ரெண்டு பக்கத்துக்கும் குடுத்தறோம்" என்றார். இதை அக்காவுக்குச் சொன்னேன், கமலத்துக்குச் சொன்னேன், டீக்கடையில் மூணு தடவை சொன்னேன். சத்தீஸ்கருக்குப் போன் போட்டு மச்சானுக்கும் சொன்னேன்.

சுகந்திக்குச் சொன்னபோது அவள் தன் போனில் இன்சூரன்ஸ்காரன் அனுப்பிய மெசேஜைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"சரிங்க மாமா" என்றாள்.

"ஏனுங்க, கழுத்து காலியா இருக்குது?" என்றாள் கமலம்.

"வேர்க்குரு" என்றேன். "இந்த வெயில்ல தங்கம் போட்டா அரிக்குது."

மே 15, வியாழன்

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு வெளியே. ரெண்டு பக்கமும். மயக்கம் கொடுக்கிற டாக்டருக்குத் தனி பில், நான் சொன்னது போலவே. யுவராஜ் பில்லை என்னிடம் நீட்டினான். பேரம் பேசாமல் கட்டி முடித்தேன்.

"வீட்ல என்னன்னு சொல்றதுங்க மாமா?" என்று கேட்டான்.

"இன்சூரன்ஸ்னு சொல்லு. நல்லா எடுத்துச் சொல்லு. மேனேஜர் பயந்துட்டார்னு சேர்த்துக்க."

மே 24, சனி

தையல் பிரித்தாச்சு. எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பியதிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. சுகந்தி ரெண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு நடக்கிறாள். பயில்வான் மாதிரி இருக்கிறாய் என்றேன். "சிரிக்க வைக்காதீங்க மாமா, இழுக்குது" என்றாள்.

கிளம்பும்போது ஒரு பை கொடுத்தாள். உள்ளே வேர்க்குரு பவுடர் டப்பா.

"உங்க கழுத்துக்குங்க மாமா. ஒரு டப்பாவுல ஆறாது. ஜூன் சம்பளத்துல இருந்து மாசா மாசம் பவுடருக்கு நான் தர்றேன். ஆறி முடிஞ்சதும் சங்கிலியப் போட்டுக்குங்க."

"பவுடர் என்ன கண்ணு, அம்பது ரூவா."

"நீங்க வாங்குற பவுடர் கொஞ்சம் வெலை ஜாஸ்திங்க மாமா."

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கணக்கு டீச்சர்கள் பேச்சே இப்படித்தான்.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் பக்கம் ஒரு சோலியும் இல்லை, இருந்தாலும் போக வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பு கேட்டை ஒட்டியே இருக்கிறது, ஜன்னல் பெரிது.

கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறாள்.

எனக்கு வந்த கோபம்! சங்கிலி, ரேட்டு, மல்லசமுத்திரத்தில் போன மானம், எல்லாம் எதற்கு? வாட்ச்மேனிடம், "இந்த ஸ்கூல் போர் நான் போட்டதுதான், முந்நூறு அடியில தண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது வேறு யாரோ போட்டது.

வீட்டில் சொன்னால் கமலம் திட்டுகிறாள். "கை வர வேண்டாமுங்களா? அதுக்குள்ள என்ன அவசரம்?"

ஜூன் 16, திங்கள்

மறுபடி போனேன். மழை வரப்போகிற மாதிரி மூடிக்கொண்டு இருந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். சுகந்தி போர்டைத் துடைத்தாள், கீழேயிருந்து மேலே. சாக்பீஸை எடுத்தாள்.

அப்புறம் வலது கையைத் தூக்கினாள். முழுசாக. மேல் மூலையில் தேதி எழுதினாள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எழுதி முடித்தும் கையை உடனே இறக்கவில்லை, அங்கேயே வைத்திருந்தாள்.

எழுத்து நல்ல பெரிசு. மெயின் ரோட்டிலிருந்தே படிக்க முடிந்தது என்று நாளைக்கு டீக்கடையில் சொல்வேன். நான் பள்ளிக்கூட கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன்.